உப்புக்காற்று ஊரில் பழைய கீபோர்ட்: வாங்குவது, திறப்பது, திருத்துவது

பழைய டிஜிட்டல் கீபோர்ட் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் செய்யும் முதல் வேலை, பிளக்கைச் செருகி சுவிட்சைப் போடுவதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நான் செய்தேன். திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் ஒரு வீட்டில் அலுமாரிக்கு மேலே பல வருடமாகக் கிடந்த ஜப்பான் கீபோர்ட் அது. ஓட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, துடைக்கக்கூட இல்லாமல் செருகினேன். ஒரு நொடி எல்லா விளக்கும் எரிந்தன, அடுத்த நொடி புகை. பின்பக்கத் தகட்டில் 100 வோல்ட் என்று வடிவாக எழுதித்தான் இருந்தது. எங்கள் வீட்டு மின்சாரம் 230. உள்ளே இருந்த ட்ரான்ஸ்போமர் கருகிப்போனது.

ஆனால் அந்தக் கீபோர்ட் இன்றைக்கும் வேலை செய்கிறது. ட்ரான்ஸ்போமரை மாற்றியதும் ஒன்றும் நடக்காத மாதிரி எழும்பிவிட்டது. அதற்குப் பிறகு திறந்து பார்த்தவற்றிலும் நான் கண்டது இதுதான்: ஒலியை உருவாக்கும் சிப் செத்துப்போவது மிகக் குறைவு. பழுதெல்லாம் மின்சாரம் உள்ளே வரும் வழியில் இருக்கும், அல்லது கட்டைகளுக்குக் கீழே உள்ள றப்பரில், நினைவைக் காக்கிற சின்னப் பற்றரியில், உப்புப் பிடித்த இணைப்புகளில் இருக்கும். வீட்டு மின்சாரம் நேரே வரும் பகுதியைத் தவிர, இந்த நான்கையும் பொறுமையுள்ள யாரும் வீட்டு மேசையில் வைத்தே திருத்தலாம். அதனால்தான், "இது இனி சரிவராது தம்பி" என்று யாராவது சொல்லும் கீபோர்டை நான் விட்டுவிட்டு வருவதில்லை.

சரி, மின்சாரத்திலிருந்தே தொடங்குவோம். இலங்கையில் ஜப்பானில் இருந்து வரும் பாவித்த சாமான்கள் நிறையக் கிடைக்கும். தட்டையான இரண்டு கால் பிளக் இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள், அது பெரும்பாலும் 100 வோல்ட். பின்பக்கத் தகட்டில் வோல்டும் வாட்டும் எழுதியிருக்கும். 230ஐ 100 ஆகக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் ஒன்றை, கீபோர்ட் கேட்கும் வாட்டைப்போல இரண்டு மடங்காவது தாங்கக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். கொழும்பில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எலெக்ட்ரோனிக்ஸ் கடைகள் வரிசையாக இருக்கின்றன, போகும்போது மற்றச் சாமான்களையும் சேர்த்து வாங்கிவந்துவிடலாம். பிளக்கை வெட்டிவிட்டு நம்மூர் மூன்று கால் பிளக்கை மாட்டித் தரும் கடைக்காரர்களும் உண்டு. பிளக்கை மாற்றுவதால் வோல்ட் மாறாது.

அடப்டரில் ஓடும் கீபோர்டுகளில் ஆபத்து வேறு மாதிரி. அடப்டர் முனையின் நடுத்துவாரம் நேரா எதிரா என்று ஒரு சின்னப் படம், வட்டத்துக்குள் புள்ளி போல, பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும். பழைய கசியோக்களில் பெரும்பாலும் நடு எதிர், 7.5 அல்லது 9 வோல்ட். யமஹாவின் பிஎஸ்ஆர் வகைகளில் பெரும்பாலும் நடு நேர், 12 வோல்ட். இரண்டுக்கும் முனை ஒரே அளவாகப் பொருந்திவிடுவதுதான் பிரச்சினையே. பொருந்துகிறது என்பதற்காகச் செருகவேண்டாம். முதலில் வோல்ட் அளக்கும் மல்ரிமீற்றரால் அடப்டரை அளந்து, படத்தோடு ஒப்பிட்டு, அப்புறம் செருகுங்கள். மல்ரிமீற்றர் இல்லாவிட்டால் கீபோர்ட் வாங்கும் முன் அதை வாங்குங்கள். மலிவானதே போதும்.

எங்கே தேடுவது? திருகோணமலையில் இதற்கென்று கடை தேடி அலையத் தேவையில்லை. கலியாண வீடுகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் வாசித்த இசைக்குழுக்காரரின் வீடுகள், புதிய கீபோர்ட் வந்ததும் பழையதை அறைக்குள் தள்ளிவிட்ட தேவாலயங்கள், வெளிநாட்டிலிருந்து யாரோ பிள்ளைக்கு அனுப்பி அந்தப் பிள்ளையும் இப்போது வெளிநாடு போய்விட்ட வீடுகள், இவைதான் நல்ல இடங்கள். மூதூர், கிண்ணியாப் பக்கம் மத்திய கிழக்கில் வேலை செய்துவிட்டு வந்தவர்கள் கொண்டுவந்த சின்னக் கசியோக்களும் கண்ணில் படும். விசாரிக்கும்போது "பழுதானது இருந்தாலும் பரவாயில்லை" என்று சொல்லி வையுங்கள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அலுமாரிகள் திறக்கும்.

முதல் கீபோர்டாக விலைகூடிய ஒன்றை வாங்கவேண்டாம் என்பது என் கருத்து, அதில் நான் உறுதியாக இருக்கிறேன். கசியோ எஸ்கே-1, யமஹா பிஎஸ்எஸ் வகை போன்ற சின்னக்கட்டைக் கீபோர்டில் கை பழகுங்கள். எஸ்கே-1 எண்பதுகளின் நடுப்பகுதியில் வந்தது, 32 சின்னக் கட்டைகள், ஒரே நேரத்தில் நான்கு சுரம், உள்ளே இருக்கும் மைக்கில் ஒன்றரை நொடிக்கும் குறைவாக ஒரு சத்தத்தைப் பதிந்து அதையே சுரமாக வாசிக்கலாம். நாய் குரைத்ததையும் அம்மா கூப்பிட்டதையும் மெட்டாக வாசித்த பிள்ளைகள் இன்றைக்குப் பெரியவர்களாகி அதைத் தேடி வாங்குகிறார்கள். மலிவுக் கீபோர்ட் என்று இவற்றைக் குறைவாக நினைக்காதீர்கள். கசியோ எம்டி-40க்காக ஒகுடா ஹிரோகோ என்ற இளம் பொறியியலாளர் அமைத்த ஒரு தாளக்கோலத்தை வைத்துத்தான் 1985இல் ஜமெய்க்காவின் ரெகே இசையே டிஜிட்டல் பக்கம் திரும்பியது.

அடுத்த படி கசியோ சிஇசெட்-101. 1984இல் வந்தது, 49 சின்னக் கட்டைகள், ஆனால் ஒலியை நீங்களே உருவாக்கக்கூடிய முழுமையான சிந்தசைசர், கீபோர்டையும் கணினியையும் பேசவைக்கும் மிடி இணைப்பும் உண்டு. அதற்கு மேலே போனால் யமஹா டிஎக்ஸ்7 (1983), ரோலண்ட் டி-50 (1987), கோர்க் எம்1 (1988). எண்பதுகளின் பாட்டுகளில் கண்ணாடி உரசுவதுபோல மினுங்கும் ஒரு மின்பியானோச் சத்தம் காதுக்குள் இருக்கிறதல்லவா, அது டிஎக்ஸ்7 உலகத்துக்குக் கொடுத்தது. 1967இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் சௌனிங் கண்டுபிடித்த, ஒரு அலையால் இன்னொரு அலையின் அதிர்வெண்ணை ஆட்டி ஒலி உண்டாக்கும் எஃப்எம் முறையை யமஹா உரிமம் பெற்று, பல வருடம் உழைத்துச் சிப்பாக்கியது.

விற்பவர் வீட்டில் பார்க்கும்போது அவசரப்படாமல் பாருங்கள். பற்றரிப் பெட்டியைத் திறந்தால் வெள்ளைப் பொடியோ பச்சைப் பூச்சோ தெரிகிறதா, ஆணித் தலைகள் தேய்ந்து யாரோ ஏற்கனவே திறந்த அடையாளம் இருக்கிறதா, மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் மீன் வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். மீன் வாடை என்றால் மின்னைச் சேர்த்துவைக்கும் கப்பாசிட்டர் கசிகிறது என்று அர்த்தம், எண்பதுகளின் கடைசி, தொண்ணூறுகளின் தொடக்கத்துச் சாமான்களில் அது சாதாரணம். பிறகு வோல்ட் சரியென்று உறுதிசெய்து ஒன் செய்து, ஒவ்வொரு கட்டையையும் இடமிருந்து வலமாக, மெதுவாக ஒருமுறையும் பலமாக ஒருமுறையும் அழுத்துங்கள். நாலைந்து கட்டை பேசாவிட்டால் பயப்படவேண்டாம், விலையைக் குறைத்துக் கேட்க அது நல்ல காரணம். எல்லாக் கட்டையும் பேசாமல் திரையும் வெறுமையாக இருந்தால் அது நீண்ட வேலை, முதல் கீபோர்டுக்கு வேண்டாம்.

கடல்தண்ணீர் உள்ளே போன கீபோர்ட் மட்டும் வேறு கதை. 2004 சுனாமியில் நனைந்து, பிறகு யாரோ கழுவிக் காயவைத்து எடுத்துவைத்த ஒன்றை ஒருமுறை திறந்தேன். வெளியே ஒரு கீறல் இல்லை. உள்ளே செப்புத்தடங்கள் பச்சையாகி, சுரண்டினால் உதிர்ந்தன. எவ்வளவு நல்ல மொடலாக இருந்தாலும் அப்படி நனைந்ததை உதிரிப்பாகத்துக்கு மட்டும் வாங்குங்கள்.

திறக்கும் நாள். பிளக்கைக் கழற்றி, பற்றரிகளை எடுத்து, பத்து நிமிடமாவது விடுங்கள், மின்வழங்கிக் கப்பாசிட்டர்களில் மிச்சம் இருக்கும். மேசையில் ஒரு பழைய படுக்கைவிரிப்பைப் போட்டு கீபோர்டைக் குப்புற வையுங்கள், பொத்தான்கள் மேலே நிற்பவையாக இருந்தால் இரண்டு பக்கமும் மடித்த துவாயைக் கொடுத்து உயர்த்துங்கள். ஆணிகள் ஒரே நீளம் இல்லை. நீளமான ஒன்றைக் குட்டையான இடத்தில் முறுக்கினால் அது மேல் மூடியைத் துளைத்து வெளியே வரும். ஒரு மட்டையில் கீபோர்டின் வடிவத்தைக் கீறி, எந்த ஆணி எங்கே இருந்ததோ அந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். ஒவ்வொரு இணைப்பைக் கழற்றும் முன்னும் போனில் ஒரு படம். ரிபன் வயர்களை வயரில் பிடித்து இழுக்கவேண்டாம், நாற்பது வருடப் பிளாஸ்டிக் உடைவதற்கு யோசிக்காது. 230 வோல்டில் நேரடியாக ஓடும் கீபோர்ட் என்றால், பிளக்கிலிருந்து ட்ரான்ஸ்போமர் வரையான பகுதியை அனுபவம் உள்ள ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொடவேண்டாம்.

திறந்ததும் எங்கள் ஊரில் முதலில் தெரிவது எறும்பு, பல்லி முட்டை, அதற்கடுத்தது உப்பு. தூசியை மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். பிறகு உள்ளே உள்ள ஒவ்வொரு இணைப்பானையும் கழற்றி, ஐசோபுரப்பைல் அல்ககோல் தொட்ட பிரஷ்ஷால் துடைத்து, இரண்டு மூன்று தரம் செருகி எடுத்து, திரும்பச் செருகுங்கள். காலுள்ள சொக்கெட்டில் இருக்கும் சிப்களை மெல்ல அழுத்திவிடுங்கள். சிரிப்பாகத் தோன்றலாம், ஆனால் திடீரென்று உறைந்து நிற்பது, திரையில் கண்டபடி எழுத்து வருவது போன்ற மர்ம வியாதிகள் பாதி இந்த ஒரு வேலையிலேயே தீர்ந்ததை நான் கண்டிருக்கிறேன்.

இப்போது பேசாத கட்டைகள். இதுதான் அடிக்கடி வரும் பழுது, திருத்தினால் மனம் நிறையும் வேலையும் இதுதான். கட்டைக்குக் கீழே நீளமான றப்பர் பட்டி, அதில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு குமிழ், குமிழின் அடியில் கரிப்புள்ளி. கட்டையை அழுத்தினால் கரிப்புள்ளி சேர்க்கிட் போர்டில் உள்ள தடங்களைத் தொட்டு இணைக்கும். அழுத்தும் வேகத்துக்கு ஏற்பச் சத்தம் கூடிக்குறையும் கீபோர்டுகளில் ஒரு கட்டைக்கு இரண்டு புள்ளிகள்: முதலாவது தொட்டதற்கும் இரண்டாவது தொட்டதற்கும் இடையிலுள்ள நேரத்தை வைத்துத்தான் நீங்கள் மெதுவாக அழுத்தினீர்களா பலமாக அழுத்தினீர்களா என்று அது கணக்குப் பார்க்கிறது. ஆகவே ஒரு கட்டை மட்டும் எப்படித் தொட்டாலும் கத்துகிறது, அல்லது ஊமையாகிறது என்றால், இரண்டில் ஒரு புள்ளி அழுக்கு. அவ்வளவுதான்.

றப்பர் பட்டியை மெதுவாக உரித்தெடுங்கள். போர்டில் உள்ள தடங்களை அல்ககோல் தொட்ட கொட்டன் பட்டால், அழுக்கு வராமல் போகும்வரை துடையுங்கள். றப்பரின் கரிப்புள்ளியை அப்படித் தேய்க்கக்கூடாது, கரி போய்விடும். சுத்தமான வெள்ளைத்தாளில் லேசாக ஒற்றி எடுப்பது போதும், மிஞ்சினால் அல்ககோல் ஒரு துளி. பெற்றோல், மண்ணெண்ணெய், பூட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே எதுவும் றப்பருக்குக் கிட்டவே வரவேண்டாம். பாமசியில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் வேறு பொருள் கலந்திருக்கலாம் என்பதால் நான் அதையும் தவிர்க்கிறேன். திரும்பப் பூட்டும்போது றப்பரின் அடியில் காற்றுப் போகும் சின்னக் கால்வாய்கள் அடைபடாமல் பாருங்கள், அடைபட்டால் கட்டை ஒட்டிக்கொண்டு மெதுவாக எழும்பும். கடைசியாக, எல்லா ஆணியையும் பூட்டும் முன் இரண்டே ஆணியோடு ஒருமணி நேரம் வாசித்துப் பாருங்கள்.

பற்றரி கசிந்த பெட்டிக்கு ஒரு குறிப்பு. அல்கலைன் பற்றரிக் கசிவு காரம், அதற்கு வினாகிரி அல்லது தேசிக்காய்ச்சாறு ஒரு துளி. பழைய சாதாரணப் பற்றரிக் கசிவு அமிலப்பக்கம், அதற்கு அப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவுங்கள். இரண்டுக்கும் பிறகு ஈரத்துணி, அப்புறம் அல்ககோல், பிறகு நன்றாகக் காயவிடவேண்டும். வினாகிரியைத் துடைக்காமல் விட்டால் அதுவே அடுத்த அரிப்பைத் தொடங்கும்.

உள்ளே இருக்கும் நினைவுப் பற்றரி இதைவிட முக்கியம். டிஎக்ஸ்7, டி-50, எம்1 எல்லாவற்றிலும் மூன்று வோல்ட் லித்தியம் நாணயப் பற்றரி ஒன்று, நீங்களோ முந்தைய சொந்தக்காரரோ உருவாக்கிய ஒலிகளைக் காத்துக்கொண்டிருக்கும். அதைக் கழற்றிய நொடியே எல்லாம் போய்விடும். முப்பது வருடத்துக்கு முன் யாரோ ஒரு கீபோர்ட் வாசிப்பாளர் இரவிரவாக இருந்து செய்த ஒலி உள்ளே இருக்கலாம், அதைக் கேட்டுப் பார்க்காமலே அழிப்பது எனக்குப் பாவமாகப் படுகிறது. முதலில் மிடி வழியாகக் கணினிக்கு எடுத்துவையுங்கள். டிஎக்ஸ்7இன் 32 ஒலிகளும் சேர்ந்து 4104 பைட் மட்டுமே, ஒரு குறுஞ்செய்திப் படத்தைவிடச் சின்னது. முதல் தலைமுறை டிஎக்ஸ்7இல் ஃபங்ஷன் பொத்தானை அழுத்தி 8ஆம் இலக்கத்துக்குப் போய், சிஸ்டம் தகவல் அனுப்ப அனுமதி என்பதைத் திறக்கவேண்டும், அதைத் திறக்காமல் கேபிள் பழுது என்று நினைத்து மூன்று கேபிள் வாங்கியவர்கள் உண்டு. மிக மலிவான யூஎஸ்பி மிடி கேபிள்கள் சுரங்களை ஒழுங்காக அனுப்பும், ஆனால் இப்படி மொத்தமாகத் தரவு வரும்போது இடையில் தவறவிடும். எடுத்த கோப்பின் அளவு 4104 தானா என்று பார்ப்பது அதற்காகத்தான்.

எடுத்துவைத்த பிறகு, மின்சாரம் முற்றாகத் துண்டித்து, பழைய பற்றரியின் கால்களிலிருந்து ஈயத்தைச் சூடாக்கி எடுங்கள். பற்றரியின் உடம்பில் சொல்டரிங் அயனை வைக்கவே கூடாது, வெடிக்கும். புதிய பற்றரியை நேரடியாக ஒட்டாமல் சிஆர்2032க்கான சின்னக் கூடு ஒன்றை ஒட்டிவிட்டால் அடுத்த முறை விரலாலேயே மாற்றலாம். நேர், எதிர் அடையாளம் போர்டில் இருக்கும், அதையும் முன்பே படமெடுத்து வையுங்கள். சிஇசெட்-101இல் இந்தச் சின்னப் பற்றரி இல்லை, அடியில் போடும் ஆறு பெரிய பற்றரிகளே நினைவையும் காக்கின்றன. கசியும் என்று பயந்து அவற்றை எடுத்தால் ஒலிகளும் போகும், ஆகவே அதற்கும் முதலில் மிடி.

பிளொப்பி டிஸ்க் உள்ள கீபோர்ட் கிடைத்தால் டிஸ்க் தேடி அலையாதீர்கள், எங்கள் காற்றுக்கு டிஸ்க்கில் பூஞ்சை பிடித்துவிடும். கோடெக் என்று ஒரு பெட்டி இருக்கிறது, பிளொப்பி டிரைவ் இருந்த இடத்தில் அதே 34 கால் ரிபனில் மாட்டி, யூஎஸ்பி குச்சியைச் செருகிக்கொள்ளலாம். ஃபிளாஷ்பிளொப்பி என்ற இலவச மென்பொருளை அதில் ஏற்றினால் பலவகைக் கீபோர்டோடும் ஒத்துப்போகும்.

உள் வயர்களை இணைத்து விசித்திரச் சத்தம் எடுப்பது இன்னொரு ஆசை, எனக்கும் உண்டு. பற்றரியில் ஓடும் பொம்மைக் கீபோர்டில் மட்டும் செய்யுங்கள், அடப்டரைக் கழற்றிவிட்டு. வீட்டு மின்சாரத்தில் ஓடும் எதிலும் வேண்டாம்.

வைத்திருப்பதில்தான் எங்கள் ஊர்க்காரருக்குத் தனிப் பாடம். கார்த்திகை, மார்கழி மழையில் ஈரம், கச்சான் காற்றுக் காலத்தில் வெக்கையும் புழுதியும், வருடம் முழுக்க உப்பு. பொலித்தீனால் இறுக்கிச் சுற்றவேண்டாம், உள்ளே இருக்கும் ஈரம் உள்ளேயே நின்றுவிடும். பழைய பருத்திச் சேலையால் மூடி, சிலிக்கா ஜெல் பைகள் இரண்டை வைத்து, கடல் பார்த்த ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். வாரத்துக்கு அரைமணி நேரம் ஒன் செய்து வாசித்தால் அந்தச் சூடே ஈரத்தை விரட்டும். இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றுங்கள், சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது. சுவரில் சாய்த்து நிறுத்தி வைக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள். ரோலண்ட் ஜேடி-800 போன்ற சிலவற்றில் கட்டைகளின் பாரத்தை ஒட்டிய சிவப்புப் பசை வெக்கையில் இளகி வழிந்து, கட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். அந்த மொடல்களை வாங்குபவர்கள் கட்டையொன்றைக் கழற்றி அடியைப் பார்க்காமல் காசு கொடுக்கக்கூடாது.

எல்லாம் பூட்டி முடிந்ததா? டிஎக்ஸ்7 வைத்திருப்பவர்களுக்கு முதல் ஒலியாக ஒரு மணி. பழைய ஒலி ஒன்றைத் திறந்து எடிட்டுக்குப் போய், ஐந்தாவது அல்கரிதத்தைத் தெரிவுசெய்யுங்கள். ஒலியலை எழுப்பும் அலகுதான் ஒபரேட்டர், அவை ஒன்றோடொன்று சேரும் முறைதான் அல்கரிதம்; இதில் ஆறு ஒபரேட்டரும் இரண்டிரண்டாகச் சோடி சேர்ந்திருக்கும். 3 முதல் 6 வரை உள்ள பொத்தான்களை அழுத்தி அவற்றை நிறுத்திவிடுங்கள். ஒன்றாவது ஒபரேட்டரின் அதிர்வெண் விகிதத்தை 1.00, இரண்டாவதை 3.50 ஆக வையுங்கள். 1, 2, 3 என்று முழு எண்கள் வந்தால் குழல், நரம்பு மாதிரி வரும். முழு எண் அல்லாத விகிதத்தில்தான் உலோகம் பிறக்கிறது. இரண்டாவதின் வெளியீட்டை 70இலிருந்து மெல்லக் கூட்டிக்கொண்டே ஒரே கட்டையை அடியுங்கள். பிறகு இரண்டும் மெதுவாகத் தேய்ந்து போகும்படி வேக எண்களைக் குறையுங்கள், இரண்டாவது ஒன்றாவதைவிடச் சற்று முந்தித் தேயட்டும். கீழ்ப்பக்கக் கட்டை ஒன்றில் வைத்து, திருக்கோணேஸ்வரத்தில் பூசைக்கு அடிக்கும் மணியை நினைத்துக்கொண்டு, அடித்த ஓசை போய் ரீங்காரம் மட்டும் நிற்கும் அந்த இடம் சரியாக வரும்வரை எண்களை ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். எனக்கு ஒரு மாலை முழுக்கப் பிடித்தது. வந்ததும் உடனே சேமித்துவிடுங்கள், அதற்கு முன், சேமிப்பதைத் தடுக்கும் நினைவுப் பாதுகாப்பை நிறுத்த மறக்கவேண்டாம்.